தனியாக இருக்கும் அம்மாவுக்கு ‘விழுந்தால் சொல்லும்’ கடிகாரம் வாங்கலாமா? (கோத்தகிரி, மலை வீடு)

அரவேனு மகள் | அக்டோபர் 27
அம்மாவுக்கு 78 வயது. அரவேனு பக்கம் தனி வீடு, ரோட்டிலிருந்து 22 படி இறங்கணும். முழங்கால் வலி, சர்க்கரை, ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நாங்கள் கோவையில். கீழே விழுந்தால் தானே போன் போடும் கைக்கடிகாரம் வாங்கிவிடலாம் என்கிறார் அண்ணன். எது நல்ல மாடல்?

மேட்டுவளவு | அக்டோபர் 27, இரவு
கடிகாரத்தைக் கடைசியாக வாங்குங்க. பட்ஜெட்டில் முக்கால்வாசியை அந்த 22 படியில் போடுங்க.

கடிகாரம் வேலை செய்வதே விழுந்த பிறகுதான். அதுவும் எல்லா விழுகைக்கும் இல்லை. உள்ளே இருக்கும் முடுக்கமானி (அசைவை உணரும் சென்சார்) ‘தடால்’ என்ற அடியையும் அதற்குப் பின் வரும் அசைவின்மையையும் தேடுகிறது. வயதானவர்கள் கட்டில் விளிம்பிலிருந்து வழுக்கி மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள், பிறகு எழ முடியாது. அந்த வகை பெரும்பாலும் கணக்கில் வராது. ஆப்பிள் கடிகாரத்தில் இந்த வசதி 2018-ல் வந்தது. ஒரு நிமிடம்போல ஆள் அசையாமல் கிடந்தால்தான் அது தானாக அழைக்கும், அந்த அழைப்புக்கும் பக்கத்தில் போனோ கடிகாரத்துக்குள் சிம்மோ டவரோ வேண்டும். அம்மா வீடு சரிவுக்குக் கீழே என்கிறீர்கள். சமையலறையில் எத்தனை கோடு சிக்னல் வருகிறது என்று முதலில் பாருங்க. ரோட்டில் நின்று பார்த்தால் கணக்கில்லை.

மேட்டுவளவு | அக்டோபர் 28
‘ஆராய்ச்சி என்ன சொல்கிறது’ என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டு போதும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழு 2023-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வீட்டிலுள்ள தடுக்கும் வழுக்கும் இடங்களைச் சரிசெய்தால் விழுவது மொத்தத்தில் 26% குறைவதாகவும், ஏற்கனவே விழும் வாய்ப்பு அதிகமாக உள்ளவர்களிடம் 38% குறைவதாகவும் வந்தது. இரண்டாவது, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2008-ல் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு. 90 வயதைக் கடந்தவர்களை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். விழுந்தவர்களில் 30% பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். பலரிடம் அழைப்பு மணி இருந்தது, பெரும்பாலான நேரம் யாரும் அதை அழுத்தவில்லை. கழுத்தில் போடாமல் ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள், அல்லது ‘எதுக்கு அவங்களுக்குத் தொந்தரவு’ என்று விட்டிருப்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தானே.

ஒரு மணி நேரம் என்பது சமவெளியில் ஒரு கணக்கு. கோத்தகிரி 1,700 மீட்டருக்கு மேல். டிசம்பர் ராத்திரி சிமென்ட் தரையில் கிடந்தால் எலும்பு முறியாவிட்டாலும் உடல் வெப்பம் இறங்கிவிடும். கட்டிலுக்குக் கீழ்த்தட்டிலும் ஹாலில் ஒரு மூலையிலும் தரையிலிருந்தே கை எட்டும் உயரத்தில் ஒரு கம்பளி மடித்து வையுங்க. செலவில்லாத கருவி.

அரவேனு மகள் | அக்டோபர் 28
படியில் என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஒரு பக்கம் கம்பி போட வெல்டிங்காரரிடம் பேசினோம்.

மேட்டுவளவு | அக்டோபர் 29
இரண்டு பக்கமும் போடுங்க. ஏறும்போது வலக்கையில் இருக்கும் கம்பி இறங்கும்போது இடக்கைக்குப் போய்விடும். பக்கவாதமோ தோள்பட்டைப் பிடிப்போ வந்து ஒரு கை வலுவிழந்தால் ஒற்றைக் கம்பி பாதிப் பயணத்துக்குத்தான் உதவும். இறங்கும்போதுதான் அதிகம் விழுகிறார்கள் என்பதால், இப்போதைக்கு ஒன்றுதான் முடியும் என்றால் இறங்கும்போது நல்ல கை வரும் பக்கம்.

பைப் அளவு முக்கியம். வெல்டிங்காரர் கேட்டுக்குப் போடும் சதுரப் பைப்பை எடுத்து வருவார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) உருண்டைப் பைப் கேளுங்க, வெளிவிட்டம் 42 மி.மீ. வரும். கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க 38 முதல் 45 வரை சரி. முடக்குவாதத்தில் விரல் மடங்காதவர்களுக்கு ஒன்றரை அங்குலப் பைப் (48) பரவாயில்லை. சுவரோரம் என்றால் சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி விடணும். குறைந்தால் விரல்முட்டி உரசும், அதிகமானால் விழும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

உயரம் படியின் விளிம்பிலிருந்து அளந்து 80 முதல் 90 செ.மீ. கூன் விழுந்தவர் என்றால் அம்மாவையே நிற்க வைத்து மணிக்கட்டு மட்டத்துக்குப் பாருங்க. மேலும் கீழும் கடைசிப் படியைத் தாண்டி 30 செ.மீ. கம்பி நேராக நீளணும். ‘படி முடிந்தது’ என்று கால் அறியும் முன் கைக்குத் தெரிவது அதனால்தான். நுனியைச் சுவர்ப்பக்கமோ கீழ்ப்பக்கமோ வளைத்துவிடச் சொல்லுங்க, இல்லையென்றால் சால்வையும் ஸ்வெட்டர் கையும் அதில் மாட்டும்.

கால்கம்பி நாலடிக்கு ஒன்று, குழி ஒன்றரை அடி, கான்கிரீட். இங்கே கம்பி கெடுவது எப்போதும் தரைமட்டத்தில்தான். மழைநீர் கால்கம்பியைச் சுற்றித் தேங்கி உள்ளே இருந்து துரு பிடிக்கும், மேலே பெயின்ட் புதிதுபோலவே இருக்கும். கான்கிரீட்டைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்திக் கூம்புபோல் சரித்துவிடுங்க. வெல்டிங் வைத்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும், அங்கே துத்தநாக பிரைமர் அடித்த பிறகே பெயின்ட். வேலை முடிந்ததும் வெல்டிங்காரரையே தொங்கச் சொல்லுங்க. தயங்கினார் என்றால் விடை கிடைத்துவிட்டது.

மேட்டுவளவு | அக்டோபர் 29, கொஞ்சம் கழித்து
பழைய லைன் வீடுகள் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), மண்சாந்துச் சுவர்கள் பற்றி: அதில் திருகு ஆணியும் நங்கூர போல்ட்டும் பிடிக்காது. இன்றைக்குக் கெட்டியாக இருக்கும், ஒரு நாள் முழு எடை விழும்போது கல்லோடு வரும். சுவரின் மறுபக்கம் வரை துளையிட்டு, அந்தப் பக்கம் நாலங்குல இரும்புத் தகடு வைத்து போல்ட் முறுக்கணும். முடியாவிட்டால் சுவரை மறந்துவிட்டுத் தரையிலிருந்தே கால்கம்பி. கழிப்பறையில் துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழுவது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். அது துண்டின் எடைக்குச் செய்தது.

மேட்டுவளவு | நவம்பர் 2
கம்பியைப் பற்றியே பேசிப் படியை விட்டுவிட்டோம்.

படி உயரம் ஒன்றுக்கொன்று மாறுவதுதான் மலைவீட்டின் பெரிய கோளாறு. சரிவை வெட்டிக் கல் பதித்த படிகளில் ஒன்று ஐந்தங்குலம், அடுத்தது எட்டு. முதல் இரண்டு மூன்று படியில் கால் ஓர் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது, அடுத்ததில் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே தடுக்கும். டேப் வைத்து 22-ஐயும் அளந்து தாளில் எழுதுங்க. வித்தியாசமானவற்றை மட்டும் சிமென்ட் போட்டுச் சமன்செய்தாலே பாதி வேலை முடிந்தது. புதிதாகக் கட்டுவதானால் உயரம் 15 செ.மீ., அகலம் 30.

பாசி: வடகிழக்குப் பருவமழைக்கு கோத்தகிரிப் பக்கம் நனைகிற அளவு தெரியும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவணும். கழுவும் நாளில் அம்மா அந்தப் பக்கம் வரக்கூடாது. ஆசிட் ஊற்றிக் கழுவுகிறவர்களுக்கு: சிமென்ட் அரித்துப் போகிறது, பாசி திரும்பி வந்து அந்தக் குழிகளில் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். ஒவ்வொரு படி விளிம்பிலும் இரண்டங்குல மஞ்சள் பட்டை அடியுங்க. பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவிவிடணும், வெறும் எனாமல் மழையில் வழுக்கும்.

கண் ஆபரேஷன் என்றீர்கள். அம்மா போட்டிருப்பது இரட்டைக் கண்ணாடியா? அதன் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. படி இறங்கும்போது அந்தக் கீழ்ப்பாதி வழியாகத்தான் காலடியைப் பார்ப்பார், விளிம்பு மங்கும். வெளியே நடக்க மட்டும் தூரப்பார்வைக்கு ஒரு தனிக் கண்ணாடி போதும். கடிகாரத்தை விட மலிவு.

கொடை வாசகர் | நவம்பர் 3
கொடைக்கானல். அப்பாவுக்கு மின்சார வீல்சேர் பார்க்கிறோம். ஒரு சார்ஜுக்கு 20 கி.மீ. என்கிறார் கடைக்காரர். எங்கள் தெரு ஏற்றத்தில் நம்பலாமா?

மேட்டுவளவு | நவம்பர் 4
கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள், வண்டி சேர்த்து 130 கிலோ. சமதரையில் உருளும் தடையை வெல்ல ஏறக்குறைய 25 நியூட்டன் விசை போதும். எட்டடிக்கு ஓரடி ஏறும் தெருவில் ஈர்ப்பே 158 நியூட்டன் கீழே இழுக்கும், கூட்டினால் 183. அதாவது ஏற்றத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சமதரையைப்போல ஏழு மடங்கு மின்சாரம். விளம்பரத்தில் உள்ள 20 சமதரைக்கானது. திரும்பி இறங்கும்போது கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் ஏழில் ஆறு திரும்பி வராது.

குளிர் வேறு. ஈய-அமில பேட்டரி பூஜ்யம் டிகிரி பக்கம் போனால் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை விட்டுவிடும். லித்தியத்தில் பெரிய ஆபத்து உறைநிலைக்குக் கீழ் சார்ஜ் போடுவது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். உறைபனி மாதங்களில் வெளி ஷெட்டில் வண்டியை விட்டு ராத்திரி சார்ஜ் போடாதீங்க. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, அது அறை வெப்பத்துக்கு வந்த பிறகு.

கடைக்காரரிடம் தூரத்தைக் கேட்காமல் ‘எத்தனை டிகிரி ஏற்றம் தாங்கும், அந்த ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்புமா’ என்று கேளுங்க. உங்கள் தெருவுக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. பின்பக்கம் கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்கள் இருக்கணும். இன்னொன்று: மோட்டாரை விடுவித்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளுநிலையில் விட்டால் பிரேக்கும் சேர்ந்து விடுபட்டுவிடும். சமதரையில் இது அற்ப விஷயம். கொடைக்கானலில் அப்பாவை உட்கார வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அந்த நெம்புகோலைத் தொட்டுப் பார்க்கணும்.

மேட்டுவளவு | நவம்பர் 4, பிற்பகல்
கையால் தள்ளும் வீல்சேர்க்காரர்களுக்கு: அதன் பிரேக் டயரை அழுத்திப் பிடிக்கும் வகை. டயரில் காற்றுக் குறைந்தால் பிரேக்கும் எட்டாமல் போகும். வாரம் ஒருமுறை சைக்கிள் பம்பு. காற்றில்லாத கெட்டி டயர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கல் பாவிய பாதையில் முதுகு போய்விடும். இறக்கத்தில் வண்டியைத் திருப்பி, தள்ளுபவர் கீழே நின்று பின்னோக்கி இறக்கணும்.

சாய்தளம் பற்றியும் ஒருவர் கேட்டார். பன்னிரண்டுக்கு ஒன்று என்பது விதி. 15 செ.மீ. வாசல்படிக்கு 1.8 மீட்டர் நீளம். 22 படிக்கு இதே விதிப்படி சாய்தளம் கட்டினால் அது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் போய் முடியும். ஆகவே படிவழி வீட்டுக்கு வீல்சேர் என்பது வீட்டுக்குள் ஒன்று, ரோட்டு மேல் ஒன்று, நடுவே இரண்டு பேர் தூக்கும் நாற்காலி என்றுதான் யோசிக்கணும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் ஐஐடி மெட்ராஸ் ஆர்2டி2 மையத்திலிருந்து வந்த நியோபோல்ட் பற்றியும் கேள்வி வந்தது. வீல்சேர் முன்னால் மாட்டி ஸ்கூட்டர்போல் ஓட்டும் இணைப்பு. கையில் வலுவுள்ள, தானே ஓட்டத் தெரிந்தவருக்கு அருமையானது. 80 வயதுக்காரரைச் சரிவில் அதில் அனுப்ப நான் சொல்லமாட்டேன்.

மேட்டுவளவு | நவம்பர் 11
அரவேனு அம்மா விஷயத்துக்குத் திரும்பினால், அடுத்தது வெளிச்சம்.

ஆள் நடந்தால் எரியும் எல்இடி விளக்கைப் பலர் வாங்கி ‘சரியா எரியலை’ என்று கழற்றிவிடுகிறார்கள். அதிலுள்ள சென்சார் உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. குல்லா, மஃப்ளர், ஸ்வெட்டர், மேலே கம்பளி என்று போர்த்திய ஆளின் வெளிப்பக்கம் அறை அளவுக்கே குளிர்ந்திருக்கும். சமவெளியில் ஐந்து மீட்டர் பிடிக்கும் சென்சார் மலையில் இரண்டு மீட்டரில் விழிக்கும். பாதைக்கு நேரெதிரே வைத்தாலும் மந்தம்தான், குறுக்கே கடக்கும்படி பக்கச்சுவரில் வைக்கணும். முழங்கால் உயரத்தில் வைத்தால் கணுக்காலும் பாதமும் தெரியும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை மூன்று விளக்கு, பேட்டரியில் ஓடும் வகை. மரம் விழுந்து கரன்ட் போகிற ராத்திரிதான் அது வேண்டும்.

வெளிப்படிக்கு ஒன்று வையுங்க. காட்டெருமைக்கும் எரியும், கரடிக்கும் எரியும். அதுவும் ஒரு வசதிதான், கதவைத் திறக்கும் முன் ஜன்னலில் பார்த்துக்கொள்ளலாம். கழிப்பறை வெளியே உள்ள வீடு என்றால் ராத்திரிக்கு உள்ளே ஒரு கமோடு நாற்காலி கட்டாயம்.

குன்னூர் பக்கத்து வாசகர் | நவம்பர் 12
மாமியாருக்குக் காதுக் கருவி. மழைக்காலம் வந்தாலே கீச்சென்று கத்துகிறது, பேட்டரி நிற்பதில்லை.

மேட்டுவளவு | நவம்பர் 12
கத்துவது பாதி நேரம் குரங்குக் குல்லாவால். காதுக்குப் பின்னால் உள்ள மைக்கை துணி மூடினால் ஒலி திரும்பிப் புகுந்து கீச்சிடும். குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றிப் பாருங்க. நின்றுவிட்டால் கருவியில் பழுதில்லை. குல்லா இல்லாமலும் கத்தினால் காதச்சு (காதுக்குள் பொருந்தும் பகுதி) தளர்ந்திருக்கும்.

குளிர்ந்த வெளியிலிருந்து அடுப்பங்கரைச் சூட்டுக்குள் வந்ததும் பிளாஸ்டிக் குழாயில் நீர்த்துளி படியும், சத்தம் அடைத்துப் போகும். ரப்பர் ஊதி ஒன்றால் குழாயைக் கழற்றி ஊதணும், வாயால் ஊதினால் இன்னும் ஈரம். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்துவைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணியோடு போடுங்க. மணி நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைக்கணும். துத்தநாகக் காற்று பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் சில நிமிடம் காற்றுப்பட வையுங்க. உரித்த பின் ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. அது ஓடத் தொடங்கிவிட்டது.

மேட்டுவளவு | நவம்பர் 20
‘கேமரா வைக்கலாமே’ என்ற அண்ணனுக்கு. வைக்கலாம். அம்மா அதன்மேல் துண்டைப் போட்டுவிடுவார்.

ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001-ல் ஒரு வெந்நீர்க் கெட்டில் சேவை தொடங்கியது. பெரியவர் தேநீருக்குத் தண்ணீர் எடுத்தால் மகன் மகளுக்குச் செய்தி போகும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, ‘காலையில் டீ போட்டாயிற்று’ என்பது மட்டும் தெரியும். நீலகிரிக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஆனால் இங்கே டீ கேஸ் அடுப்பில். அதனால் டீத்தூள் டப்பா இருக்கும் அலமாரிக் கதவில் காந்த சென்சார் ஒட்டினால் போதும். நாணய பேட்டரி, மாதக்கணக்கில் ஓடும்.

இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம், மௌனம். ஒன்பது மணிவரை கதவு திறக்கவில்லை என்றால் அம்மாவுக்கு ஏதோ ஆகியிருக்கலாம், அல்லது கரன்டோ நெட்டோ போயிருக்கலாம். சென்சார் கதவு திறக்காவிட்டாலும் குறித்த இடைவெளியில் ‘உயிரோடிருக்கிறேன்’ என்று ஒரு துடிப்பு அனுப்பும்படி அமைக்கணும். துடிப்பு வருகிறது, கதவு திறக்கவில்லை என்றால் மேல்வீட்டுக்காரருக்குப் போன். துடிப்பே இல்லை என்றால் அம்மாவுக்குச் சாதாரணமாக ஒரு போன். ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ். இது இல்லாமல் விட்டால் மழைக்காலத்தில் தினம் பொய் எச்சரிக்கை வந்து, டிசம்பரில் எல்லோரும் அறிவிப்பை அணைத்துவைத்திருப்பீர்கள்.

குரலால் இயக்கும் ஸ்பீக்கர் வாங்க நினைப்பவர்கள் ஒன்றை யோசியுங்க. பதறும்போது ஆள் தாய்மொழியில்தான் கத்துவார். வீட்டில் படுகு (நீலகிரி படுகர் மொழி) பேசுகிறவர் விழுந்துகிடந்து படுகில்தான் கூப்பிடுவார், பெட்டிக்கு அது புரியாது.

மேட்டுவளவு | நவம்பர் 21
கூப்பிடுவதற்கு: கம்பியில்லாக் காலிங்பெல் வாங்கி, பொத்தானை அம்மாவிடமும் மணியை மேல்வீட்டிலும் வையுங்க. மணி பேட்டரி வகையாக இருக்கட்டும், பிளக்கில் செருகுவது கரன்ட் போனால் ஊமை. பெட்டியில் போட்ட தூரம் திறந்தவெளிக்கானது, இரண்டு கருங்கல் சுவர் தாண்டினால் கால்வாசிதான். மூடுபனி தடுக்காது, சுவர்தான் தடுக்கும். குளியலறையில் இன்னொரு பொத்தானைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒட்டணும். நிற்கிற உயரத்தில் வைத்தால் விழுந்தவருக்கு எதற்கு? கழுத்துக்கு ஒரு விசில். டவர் இல்லாத சரிவிலும் விசில் சத்தம் போகும்.

முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

பெத்தட்டி வாசகர் | டிசம்பர் 6
பார்வையில்லாத பெரியப்பாவுக்கு ஸ்மார்ட்கேன் சரிவருமா?

மேட்டுவளவு | டிசம்பர் 6
ஐஐடி டெல்லியில் உருவானது, வெள்ளைக்குச்சியில் மாட்டும் நல்ல கருவி. ஒலியலையால் முழங்காலுக்கு மேலே உள்ள தடைகளை, தொங்கும் கிளை, லாரிப் பின்பக்கம் போன்றவற்றை, மூன்று மீட்டர் வரை அதிர்ந்து சொல்லும். கீழே பள்ளம் இருப்பதை அது சொல்லாது. அதற்குக் குச்சி நுனிதான். மலையில் உயிரை எடுப்பது பள்ளம் என்பதால் வெள்ளைக்குச்சிப் பயிற்சி முதலில்.

மேட்டுவளவு | டிசம்பர் 18
வாங்கியதில் எவ்வளவு மூலையில் கிடக்கும்? அமெரிக்காவில் பிலிப்ஸும் ஷாவோவும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில் 29.3% கருவிகள் கைவிடப்பட்டிருந்தன. முதல் காரணம், பயன்படுத்துகிறவரின் கருத்தைக் கேட்காதது. மற்றவை: சுலபமாகக் கிடைத்தது, சரியாக உழைக்காதது, ஆளின் தேவை மாறிப்போனது. ‘சுலபமாகக் கிடைத்தது’ என்பதைப் படித்ததும் நம்மூர் முகாம்கள் ஞாபகம் வரும். 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு ஊன்றுகோல், வாக்கர், காதுக் கருவி, வீல்சேர் எல்லாம் இலவசம். வாங்கிக்கொள்ளுங்க. ஆனால் அங்கேயே அளவு வைத்துக்கொண்டு வாங்க. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடமும் காட்டலாம்.

சக்கர வாக்கரை மட்டும் சரிவுக்கு எடுக்காதீங்க. ஆளை விட்டுவிட்டு அது முதலில் கீழே போய்ச் சேரும்.

அரவேனு மகள் | ஜனவரி 4
இரண்டு பக்கமும் கம்பி போட்டாயிற்று. காலையில் கம்பி ஐஸ்போல இருப்பதால் அம்மா பிடிக்க மாட்டேன் என்கிறார். நைலான் கயிறு சுற்றலாமா?

மேட்டுவளவு | ஜனவரி 4
வேண்டாம், கயிறு தண்ணீர் குடித்து வழுக்கும், உள்ளே துருவும். பிவிசி பைப்பைக் கீறி மாட்டுவதும் கூடாது, கையோடு சுழலும். கம்பளி உறை போட்ட கையும் ஈரக் கம்பியில் நிற்காது. உள்ளங்கையில் ரப்பர் பூசிய வேலைக் கையுறை ஒன்று, மேல்படியிலும் கீழ்ப்படியிலும் இடத்துக்கொரு ஜோடி மாட்டிவையுங்க. உறைபனி விழுந்த காலை, வெயில் படியில் ஏறும்வரை இறங்க வேண்டாம் என்று சொல்லுங்க. பால் பாக்கெட்டை மேலே ஒரு பையில் போடச் சொல்லி, கயிறு கட்டிக் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

அரவேனு மகள் | ஜனவரி 5
ஊன்றுகோல் எந்தக் கையில்? வலது முழங்கால்தான் மோசம்.

மேட்டுவளவு | ஜனவரி 5
இடக்கையில். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோலும் வலிக்கிற காலும் முதலில். செருப்பு போட்டு நிற்கையில் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வரணும், அலுமினியக் கோலில் பொத்தானை ஓர் ஓட்டை மேலே கீழே மாற்றிச் சரிசெய்யலாம். அடி ரப்பரைத் திருப்பிப் பாருங்க. வட்டக் கோடுகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதென்றால் மாற்றணும். கோலின் அடிவிட்டத்தை அளந்து எடுத்துப்போங்க, 19 மி.மீ.யா 22-ஆ என்று கடையில் கேட்பார்கள். தளர்வான ரப்பர் சேற்றில் கழன்று நின்றுவிடும், கோல் மட்டும் கையோடு வரும்.